மெல்ரோஸ் செவன்ஸ்: கிளப் கும்பலோட போறவங்களுக்கு

எங்க ரக்பி கிளப் வருஷா வருஷம் ஏப்ரல்ல ஒரு வீக்கெண்ட் ஸ்காட்லாந்து மெல்ரோஸுக்கு கிளம்பிடும், ஆடுறதுக்கு இல்லைங்க, பாக்குறதுக்குத்தான் (எங்க ஆட்டத்துக்கு அங்க யாரு கூப்பிடுவா). செவன்ஸ் (டீமுக்கு ஏழே பேர் ஆடுற ரக்பி) பொறந்த ஊரே இதான், 1883ல நெட் ஹேக்னு ஒரு கறிக்கடைக்காரர் கிளப்புக்கு காசு சேக்க சொன்ன ஐடியா, இப்போ ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போயிடுச்சு.

ஒரு பாதி 7 நிமிஷம்தான், பீர் வாங்கிட்டு திரும்பறதுக்குள்ள ரெண்டு ட்ரை (பந்த எதிர் டீம் கோட்டத் தாண்டி தரையில வெச்சு பாயிண்ட் எடுக்குறது) முடிஞ்சிரும், அதனால கியூவுக்கு ஒருத்தன அனுப்பிட்டு மத்தவங்க இடத்த விடாதீங்க. கிரீன்யார்ட்ஸ் கிரவுண்ட்ல எல்லைக் கோட்டுக்கு பக்கத்துலயே நின்னு பாக்கலாம், அந்தாண்ட எய்ல்டன் மலை, வியூ செம. ரெயின்கோட் கட்டாயம்.

தங்குறதுதான் தலவலி, சின்ன ஊரு, ரூமெல்லாம் எப்பவோ புக் ஆயிடும். எடின்பரோல தங்கிட்டு ட்வீட்பேங்குக்கு டிரெயின் புடிங்க, ஒரு மணி நேரம் கூட ஆகாது, அங்கேருந்து மெல்ரோஸ் நடக்குற தூரம். ஒருதடவ மினிபஸ் போட்டோம், டிரைவர் ஆடி அசைஞ்சு வந்து மொத மேட்சே போச்சு.

பர்கர் மட்டும் குடுத்த காசுக்கு வொர்த்தே இல்ல. மொத்தத்துல 4/5.