எண் உண்டு, நேரம் இல்லை: ஒரு 16 போர்ட் சுவிட்சுடன் மூன்று ஆண்டுகள்

பட்டர்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது 16 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றை: கடையின் கணினி, கேமராக் கேபிள்களையெல்லாம் இணைக்கிற பெட்டி, ஒவ்வொரு போர்ட்டிலும் (கேபிள் செருகும் இடம்) என்ன நடக்கிறது என்பதை ஓர் இணையப் பக்கத்தில் காட்டும். பினாங்கு லெபு பசாரில் எங்கள் துணிக்கடையில் இதே சுவிட்ச்தான் மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. ஆனாலும் அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் அது செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டாவது கல்லாவில் பில் போடவே முடியவில்லை. வரிசை ஐந்தடி நடைபாதை வரை நின்றது. எல்லாரும் பில்லிங் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுவிட்சின் போர்ட் பக்கத்தைத் திறந்தேன். மற்ற கணினிகளெல்லாம் 1000 எம்பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை மெகாபிட்) வேகம், இரண்டாவது கல்லாவின் ஏழாவது போர்ட் மட்டும் 100. பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க எஃப்சிஎஸ் பிழை, அதாவது வழியில் சிதைந்து வந்த தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை ஏறியது: 2,140, 2,163, 2,201. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, கேபிளின் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். மீதி இரண்டில் ஒன்று அறுந்தால் வேகம் இப்படி இறங்கிவிடும். பிழையும் ஏறுகிறது என்றால் மிச்சமிருந்த இணைகளும் சரியில்லை. அதிலேயே இருந்த கேபிள் சோதனையை ஓட்டினேன். ஓர் இணை 11 மீட்டரில் துண்டிப்பு என்று காட்டியது. டேப் வைத்து அளந்துகொண்டே போனால் மாடிப் பலகைக்கு அடியில் எலி கடித்து, செம்பு வெளியே தெரிந்தது. புதுக் கேபிள் இழுத்ததும் 1000 வந்தது, பிழை ஏறுவதும் நின்றது. அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

இனி என் ஆத்திரம். பக்கத்தில் இருப்பது மொத்த எண் மட்டும்தான். எப்போதிலிருந்து, எந்த மணிக்கு என்று ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், போர்ட் வழியே எத்தனை பைட் போனது என்கிற டிராஃபிக் கணக்கு 32 பிட்டில் ஓடுகிறது. 4,294,967,296 பைட் ஆனதும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். எங்கள் எட்டு சிசிடிவி கேமராக்களும் சேர்ந்து ஏறக்குறைய 32 எம்பிபிஎஸ் அனுப்புகின்றன. ரெக்கார்டர் போர்ட்டில் சுமார் 18 நிமிடத்துக்கு ஒரு தடவை எண் கவிழ்கிறது. முழு கிகாபிட் ஓடினால் 34 வினாடிதான். பத்து மணிக்கு இருந்த எண்ணைவிடப் பத்தேகாலுக்குக் குறைவாக இருந்தால் அதை வைத்து என்ன கணக்குப் பார்ப்பது?

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், இப்படிச் சீக்கிரம் கவிழாத 64 பிட் எண் உள்ளே இருக்கிறது என்பதுதான். பழைய கணினி ஒன்றை வைத்து எஸ்என்எம்பி (சுவிட்ச் போன்ற கருவிகளிடம் எண்களைக் கேட்டு வாங்கும் முறை) வழியாக ஒவ்வொரு நிமிடமும் எடுத்துப் பார்த்தேன், அழகாக வந்தது. எஸ்என்எம்பி வெர்ஷன் 1இல் 64 பிட் எண் வராது, 2சியோ 3ஓ வைக்க வேண்டும். அது தெரியாமல் ஓர் ஆண்டு தப்பான வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிற எண்ணை ஒரு கடைக்காரர் பார்க்கிற பக்கத்தில் காட்டினால் என்ன?

போன வாரம் மதிய மழையில் மின்சாரம் போனது. பன்னிரண்டாவது போர்ட்டில் நாளுக்கு நாலைந்து பிழை ஏறுவதை மூன்று வாரமாகக் கவனித்துவந்தேன். டிராஃபிக்கை மட்டும்தான் அந்தப் பழைய கணினி எடுத்துவந்தது, பிழை எண்ணைச் சேர்க்கவில்லை. வயர் போட்டவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றிருந்த நேரம். சுவிட்ச் மறுபடி எழுந்தபோது எல்லாம் பூஜ்ஜியம். அவர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே அண்ணே, வாங்காதீர்கள். எலியைப் பிடித்துக் கொடுத்தது உண்மைதான், இருந்தாலும் வேண்டாம். நாள், நேரத்தோடு பதிவு வைத்திருக்கிற சுவிட்சாகப் பாருங்கள். நான் இப்போது கடை அடைக்குமுன் தினமும் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கிறேன். நேற்று இரவு பன்னிரண்டாவது போர்ட்டில் 9 பிழை.