மிட்ரல் வால்வுக் கசிவு: எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது அதற்கும் இடது மேலறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு இறுக மூடாவிட்டால், மகாதமனிக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு இடது மேலறைக்கே திரும்பிவிடுகிறது. படியேறினால் மூச்சு வாங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும், படபடப்பும் இதன் அறிகுறிகள். எனினும் கடுமையான கசிவுகூடப் பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கக்கூடும்.

சந்தேகம் பெரும்பாலும் ஸ்டெதாஸ்கோப்பில் தொடங்குகிறது. இதய நுனியில், சுருக்கக் காலம் முழுவதும் நீடித்து அக்குள் பக்கம் பரவும் ஊதல் போன்ற முணுமுணுப்பு நல்ல தடயம். ஆனால் வால்வு இதழைப் பிடித்திருக்கும் நாண் திடீரென அறுந்தால், மேலறை அழுத்தம் சட்டென ஏறிவிடுவதால், அந்த ஒலி குறுகியும் மெலிந்தும் போகலாம். நோயாளி மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கும்போதுதான் காது ஏமாறுகிறது. இ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் கசிவின் விளைவுகளைக் காட்டுமே தவிர, கசிவைக் காட்டுவதில்லை.

நோயை உறுதிசெய்வது மார்பின் மேல் கருவியை வைத்து, ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோதான். இதழ்களில் கோளாறு உள்ள கசிவில், ஒரு துடிப்புக்கு 60 மி.லி. அல்லது அதற்கு மேல் பின்னோக்கிப் பாய்ந்தாலோ, கசியும் துளையின் பரப்பு 0.4 சதுர செ.மீ.யை எட்டினாலோ கடுமையானது என்று கொள்கிறார்கள். இதன் பலவீனம், மேலறைச் சுவரை ஒட்டிச் சாய்ந்து ஓடும் கசிவு, இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் வண்ண டாப்ளரில், உள்ளதைவிடச் சிறிதாகத் தெரிவது. ஆகவே வண்ணத்தின் அகலத்தை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கையை நான் முழுதாக நம்பமாட்டேன்.

உணவுக்குழாய் வழி எக்கோ வால்வுக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதால், எந்த இதழின் எந்தப் பகுதி பழுது என்பதைத் துல்லியமாகக் காட்டும். அறுவை சிகிச்சைக்கோ இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் பொருத்துவதற்கோ திட்டமிடும்போது இதற்கு இணையில்லை. ஆனால் வெறும் வயிறும் தொண்டையை மரக்கச்செய்யும் மருந்தும் தேவை. தூக்க மருந்தால் இரத்த அழுத்தம் இறங்கினால், குறிப்பாகக் கீழறை விரிந்ததால் வரும் கசிவு, இருப்பதைவிடக் குறைவாகத் தெரியலாம்.

எக்கோவின் அளவுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. கீழறை வெளியேற்றும் மொத்த அளவிலிருந்து மகாதமனியில் சென்ற அளவைக் கழித்துக் கசிவைக் கணக்கிடுவதால், அது எந்தத் திசையில் பாய்ந்தாலும் கவலையில்லை. இதழ்களின் நுண்ணிய பழுதைக் காட்டுவதில் மட்டும் உணவுக்குழாய் எக்கோவுக்குப் பின்தங்குகிறது.

தொடர் கண்காணிப்புக்கு என் தேர்வு மார்பு வழி எக்கோவே. இதழ்க் கோளாறால் கடுமையான கசிவு உள்ளவருக்கு, தொல்லை இல்லாவிட்டாலும் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை அது தேவைப்படும். கீழறை வெளியேற்ற விகிதம் (நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் கீழறை வெளியேற்றும் பங்கு) 60 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கினாலும், சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 40 மி.மீ.யைத் தொட்டாலும், அறிகுறிக்காகக் காத்திராமல் அறுவை சிகிச்சை பற்றிப் பேசியாக வேண்டும்.