ரங்கூன்காரர்களே உஷார்: ஹார்மோன் பேக்கேஜில் 1,85,000 கியாட் போச்சு

நேற்று ராத்திரி வைபரில் லேபிடமிருந்து கடைசி பதில் வந்தது: "மெஷின் கொடுத்த ரிசல்ட், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1,85,000 கியாட்!

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப். பேர் வேண்டாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் தங்கச்சிக்கு எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், புரொலாக்டின், எஸ்ட்ராடயால், புரொஜெஸ்டிரோன் எனக் கருத்தரிப்பு தொடர்பான ஐந்து ஹார்மோன் டெஸ்டும் ஒரே பேக்கேஜ். வந்த பையன் தமிழ் பேசினான். "ஒரே குத்துதான் அக்கா, வலிக்காது" என்றான். கையுறை, நீலக் குளிர்ப்பெட்டி, முத்திரை குத்திய ரசீது. நம்ம பிள்ளை என்று முழுப் பணத்தையும் முன்னாலேயே எண்ணிக் கொடுத்தோம். விலக்காகி எத்தனையாவது நாள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மூன்றாம் நாள். முடி கொட்டுகிறதென்று வாங்கிய 10 மில்லிகிராம் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரையை ஒரு மணி நேரம் முன்புதான் விழுங்கியிருந்தாள். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்.

ரிப்போர்ட்டில் எஃப்எஸ்ஹெச் 1.9, எஸ்ட்ராடயால் 318, புரொஜெஸ்டிரோன் 6.4. அலகே இல்லை. கீழே "கருமுட்டை வெளிவந்துள்ளது" என்று எழுதிக் கையெழுத்து. மூன்றாம் நாளிலா? கருமுட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரொஜெஸ்டிரோன் அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்னால் பார்க்க வேண்டியது. மூன்றாம் நாளில் அதைச் சேர்த்ததே காசு பிடுங்கத்தான்.

பல கருவிகளில் ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு பயோட்டினை ஒட்டி, பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய மணிகளில் பிடிக்க வைப்பார்கள். ரத்தத்தில் மாத்திரை பயோட்டின் மிதந்தால் அதுவே மணிகளில் இடம் பிடித்துவிடும். ஒட்ட வேண்டியது ஒட்டாமல் கழுவும்போது போய்விடும், கருவி அளக்கும் ஒளி குறையும். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், புரொலாக்டினில் ஒளி குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று கணக்கு. எஸ்ட்ராடயால், புரொஜெஸ்டிரோனில் அப்படியே தலைகீழ்: ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம். எங்கள் தாளில் இருந்தது அச்சு அசலாக இந்த ஜோடிதான்: எஃப்எஸ்ஹெச் குறைவு, மற்ற இரண்டும் அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே எச்சரித்த விஷயம் இது.

எந்தக் கருவி என்று கேட்டோம். "டாக்டர் லீவு." மறுநாள் "மேனேஜரிடம் கேளுங்கள்." மேனேஜர் "திரும்ப எடுங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி" என்றார். 1,85,000 வாங்கிக்கொண்டு மறுபடியும் காசா? மாத்திரையை நிறுத்தி, அடுத்த மாதம் மூன்றாம் நாள் வேறு லேபில் எடுத்தோம். எஃப்எஸ்ஹெச் 7.2, எஸ்ட்ராடயால் 44 பிகோகிராம்/மில்லிலிட்டர், இரண்டும் சரியாகவே இருந்தன. ஒரு மாதம் வீண், 1,85,000 கியாட் வீண், தங்கச்சி அழுத அழுகை வேறு.

அவசரமாகச் சொல்கிறேன். பயோட்டின் உள்ள முடி, நக மாத்திரையை டாக்டரிடம் சொல்லி, ரத்தம் எடுக்க மூன்று நாள் முன்னாலேயே நிறுத்துங்கள். எல்லாக் கருவியும் இந்த முறையில் ஓடுவதில்லை, அதனால் கருவியின் பேரை எழுதி வாங்குங்கள். அலகு இல்லாத தாளை வாங்காதீர்கள்: எஸ்ட்ராடயால் 318 என்பது பிகோமோல்/லிட்டர் என்றால், 3.67-ஆல் வகுத்து 87 பிகோகிராம்/மில்லிலிட்டர்தான். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள்.