கீகேட்: பென்டிரைவில் கைமாறும் பிசிபி மென்பொருள்

ரங்கூனில், அனவ்ரதா சாலைக் காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இப்படிப் போகிற ஊரில் இந்தத் தொழில் படுப்பதில்லை. பேட்டரி 11.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் லோடைத் துண்டிக்கிற சின்ன போர்டு ஒன்றை நானே வரைந்து விற்கிறேன். மூன்று வருடமாக வரைவது கீகேட்டில் (KiCad): பிசிபி, அதாவது பாகங்களைப் பற்றவைக்கிற மின்சுற்று அட்டை, வரைவதற்கான இலவச மென்பொருள்.

அதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்த மென்பொருள் ஒன்று, பெயர் வேண்டாம். இங்கிருந்து கார்டில் பணம் கட்டுவதே பெரும்பாடு. கட்டினாலும் சில நாளுக்கொரு தடவை இணையத்தில் போய் அனுமதி வாங்கிக்கொண்டு வரும். நெட் இல்லாத ஒரு வாரம், நான் வரைந்த படத்தையே எனக்குத் திறந்து காட்டவில்லை.

கீகேட்டுக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. கோப்பும் வெறும் எழுத்துதான், நோட்பேடிலேயே திறக்கும். 1992-ல் பிரான்சில் ஒரு பேராசிரியர் எழுதத் தொடங்கியது, பிறகு செர்ன் என்கிற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமும் கைகொடுத்தது. உரிமம் ஜிபிஎல். அதாவது யாரும் காப்பி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். நிறுவும் கோப்பு ஒரு ஜிபிக்கு மேல். எங்கள் நெட்டில் ராத்திரி முழுக்க இறங்கும். அதனால் ஒரே தடவை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, கேட்கிற பையன்களுக்கெல்லாம் போட்டுக் கொடுக்கிறேன். திருட்டு சிடி பார்த்து வளர்ந்தவன் நான். இதைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை.

"ஓசியில் வரைந்தால் உங்க படத்தையும் ஊருக்குக் கொடுக்கணுமாமே மச்சான்?" என்று கேட்டான் என் மைத்துனன். இல்லை. ஜிபிஎல் மென்பொருளைத்தான் கட்டுப்படுத்தும், அதில் வரைந்ததை அல்ல. கூட வருகிற உதிரிபாக நூலகம், அதாவது ரெடிமேட் பாகப் படங்களின் தொகுப்பு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது; மாற்றிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். ஆனால் அதை வைத்து வரைந்த போர்டுகளை அது கட்டுப்படுத்தாது என்று தனியாக ஒரு விலக்கு எழுதியிருக்கிறார்கள். சின்னக் கடைக்காரனுக்கு அந்த ஒரு பத்திதான் உயிர். என் படத்தைப் பூட்டியும் வைக்கலாம், கொடுக்கவும் செய்யலாம்.

நான் கொடுத்தேன். செர்னின் வன்பொருள் உரிமம், 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பு, எஸ் வகை: மாற்றி விற்பவர் தன் மாற்றத்தையும் வெளியே வைக்க வேண்டும். மோல்மேனில் ஒரு தம்பி ஃபியூஸை ஓரத்துக்கு நகர்த்திக் கோப்பைத் திருப்பி அனுப்பினான். கவரைக் கழற்றாமலே மாற்ற முடிகிறது. இப்போது என் போர்டும் அப்படித்தான்.

குறைகளும் உண்டு. ஒன்பதில் சேமித்ததை எட்டில் திறக்க முடியாது; எல்லாரும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். முப்பரிமாணக் காட்சியைத் திறந்தால் என் பழைய லேப்டாப் ஃபேன் கூப்பாடு போடும். அப்புறம், நூலகத்தை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. நான் படத்தில் போட்டது 2என்3904 டிரான்சிஸ்டர், கடைவீதியில் கிடைத்தது பிசி547. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் கால்கள் நேர்மாறு. முதல் ஐந்து போர்டிலும் லோடைத் துண்டிக்கிற சுவிட்சான ரிலே அசையவில்லை. மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் டிரான்சிஸ்டரைக் கழற்றித் திருப்பிப் பற்றவைத்தேன். டக்கென்று சத்தம் வந்தது. அது கீகேட்டின் தப்பு இல்லை, சரி.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வேண்டுபவர்கள் பென்டிரைவோடு கடைக்கு வாங்க. 4 ஜிபி போதும், காப்பியாகிற நேரத்தில் ஒரு டீ குடிக்கலாம்.