நார்மல் இணையதளம்: தண்டனைப் பட்டியல் அருமை, கடிதப் பொத்தான் சுமார்

டெக்சாஸில் இருக்கிற தமிழர்கள், அதிலும் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள், கஞ்சாப் பக்கமே போகாதவர்களாக இருந்தாலும் நார்மல் (NORML) அமைப்பின் தளத்தில் டெக்சாஸ் தண்டனைப் பட்டியலை ஒரு தடவை படித்துவிடுங்கள். 1970-ல் கீத் ஸ்ட்ரூப் என்ற வக்கீல் தொடங்கிய அமைப்பு இது. கஞ்சா சட்டங்களை மாற்றச் சொல்லிப் பிரசாரம் செய்வதுதான் அவர்கள் வேலை, அதனால் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பட்டியலில் பிரசார வாடை இல்லை. எவ்வளவு வைத்திருந்தால் என்ன குற்றம், எத்தனை நாள் ஜெயில், எவ்வளவு அபராதம், அவ்வளவுதான். இலவசம்.

இலையாக இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருந்தால் கிளாஸ் பி என்கிற சிறு குற்றம், 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். இதைப் பலரும் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பார்கள். பலருக்குத் தெரியாத சங்கதி அதற்குக் கீழே இருக்கிறது. வேப் (மின்சிகரெட்) எண்ணெய், கம்மி (gummy) ஜெல்லி மிட்டாய் மாதிரி கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த சரக்கு என்றால் கணக்கே வேறு, ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். நாலு கிராமைத் தாண்டினால் இரண்டு முதல் இருபது வருஷம் வரை போகலாம், அதுவும் மிட்டாயில் இருக்கும் சர்க்கரை, ஜெலட்டின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை பார்ப்பார்கள். பக்கத்து நியூ மெக்சிகோவில் கடையில் பில் போட்டு வாங்கிய ஒரு பாக்கெட்டை காரில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்தான், மாநிலம் அனுமதித்தாலும் குடியேற்ற அதிகாரி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார். அதற்கு இந்தப் பட்டியல் போதாது, குடியேற்ற வக்கீலிடம்தான் போக வேண்டும்.

சரி, அதே தளத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத வைத்திருக்கும் கடிதப் பொத்தான். ஜிப் கோடு போட்டால் உங்கள் பிரதிநிதி யார் என்று அதுவே கண்டுபிடித்து, தயார்க் கடிதத்தையும் கொடுக்கும், அனுப்பினால் முடிந்தது. ஓட்டுரிமை இல்லாதவர்களும் எழுதலாம், தடையில்லை. டெக்சாஸில் இதற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் கொலராடோவில் 2012-ல் மக்களே கையெழுத்து வாங்கி, வாக்கெடுப்பு நடத்தி சட்டத்தை மாற்றியதுபோல் இங்கே மாநில அளவில் செய்ய வழியே கிடையாது. எல்லாம் சட்டமன்றம் வழியாகத்தான். அதிலும் 2019, 2021, 2023 என்று மூன்று முறை கீழவை தண்டனையைக் குறைக்கும் மசோதாவை நிறைவேற்றி அனுப்பியும் மேலவையில் நகரவே இல்லை. 2019-ல் மேலவைக்குத் தலைமை தாங்கும் துணை ஆளுநர் டான் பேட்ரிக் மசோதா செத்துவிட்டது என்று ட்வீட்டே போட்டார். ஆக, கீழவை உறுப்பினருக்கு மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் வேலைக்காகாது, மேலவையில் இருக்கும் உங்கள் மாநில செனட்டரைத்தான் நச்சரிக்க வேண்டும்.

இந்தத் தயார்க் கடிதத்தில்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. ஒரே வாசகம் ஊர் முழுக்கப் போனால் அலுவலகத்தில் எண்ணி ஓரமாக வைப்பார்கள். முதல் பத்தியை அழித்துவிட்டு நீங்கள் எந்த ஊர், இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்று நாலு வரி சொந்தமாக எழுதுங்கள், அப்புறம் மசோதா எண்ணைச் சொல்லி ஒரு ஃபோன் போடுங்கள். நான் அப்படிச் செய்தபோது எடுத்தவர் பெயரையும் ஜிப் கோடையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தெருவில் இறங்கி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இந்தத் தளம் சரிப்படாது. அவர்கள் கிரவுண்ட் கேம் டெக்சாஸ் என்ற அமைப்பின் பக்கம் போகலாம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி 2022 மே மாதம் ஆஸ்டினில் கஞ்சா கெடுபிடியைத் தளர்த்தும் நகர வாக்கெடுப்பில் சுமார் 85 சதவீத ஆதரவு வாங்கியவர்கள். அதே ஆண்டு டெண்டன் நகரிலும் ஜெயித்தார்கள். 2024 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் அந்த நகரங்கள்மீது வழக்குப் போட்டார், அது தனிக்கதை.

பட்டியலுக்கு ஐந்துக்கு ஐந்து, பொத்தானுக்கு மூன்று. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில்தான் கூடும், 140 நாளில் கலைந்துவிடும். மசோதாக்கள் அதற்கு முந்தைய நவம்பரிலேயே வர ஆரம்பிக்கும், பொத்தானை அப்போது அழுத்துங்கள்.