பிரெப் வாங்க மருத்துவமனையா, சமூக மையமா?

எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் பிரெப் மாத்திரை தாய்லாந்தில் முக்கியமாக இரு வழிகளில் கிடைக்கிறது. மருத்துவமனையில் ஆய்வகமும் மருத்துவரும் ஒரே இடத்தில். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் திருநங்கை ஒருவர் பெயரை மாற்றியிருந்தாலும் அடையாள அட்டையில் ‘திரு’ என்றே இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். அப்புறம் அவர் ஏன் மறுபடி வரப்போகிறார்?

திருநங்கைகளும் தன்பால் ஈர்ப்புள்ளவர்களும் தாங்களே நடத்தும் சமூக மையங்களில் இந்தச் சங்கடம் குறைவு. 2016-இல் தொடங்கிய பிரின்சஸ் பிரெப் திட்டத்தில், பயிற்சி பெற்ற திருநங்கைகளும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களும் பரிசோதனை செய்து மாத்திரை கொடுத்தார்கள். பாங்காக்கில் திருநர்களுக்கான ‘டேஞ்சரின்’ (Tangerine) மையத்தில் ஹார்மோன் சிகிச்சைக்கு வருபவர் அப்படியே பிரெப்பும் வாங்கிக்கொள்ளலாம்.

நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். அதன் பெரிய குறை, வெளிநாட்டு நிதியை நம்பியிருந்தது.