டிரவுட் இன எல்லை: இழைமணி டிஎன்ஏவா, கரு டிஎன்ஏவா?

ஹோட்டன் சமவெளி ஓடைகளில் தாமாகவே பெருகிவரும் வானவில் டிரவுட் மீன்களின் வம்சாவளியை முதுமாணி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது, எந்த டிஎன்ஏவைப் படிப்பது என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளில் (மைட்டோகாண்ட்ரியா) உள்ள இழைமணி டிஎன்ஏ மலிவானது. கலத்தின் கருவில் (நியூக்ளியஸ்) உள்ள கரு டிஎன்ஏ செலவும் உழைப்பும் கேட்பது. நான் கரு டிஎன்ஏவையே தெரிந்தெடுத்தேன். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

நிறத்தையும் புள்ளிகளையும் மட்டும் நம்பி இனத்தைப் பிரிக்க முடியாது என்பதில் இழைமணியை விரும்புவோருக்கும் கருவை விரும்புவோருக்கும் பிணக்கில்லை. பழுப்பு டிரவுட்டின் நிறம் நீருக்கும் உணவுக்கும் ஏற்ப மாறும்.

இழைமணி டிஎன்ஏவின் பலம் எளிமை. செட்டை ஓரத்தில் மிளகளவு துண்டை வெட்டி அற்ககோல் குப்பியில் இட்டால் போதும். ஒவ்வொரு கலத்திலும் அதன் பிரதிகள் ஏராளமாக இருப்பதால் பழைய மாதிரிகளிலிருந்தும் அதை மீட்கலாம். கொலராடோவில் பச்சைமுதுகு கட்த்ரோட் டிரவுட் எதுவென்ற குழப்பம் 2012இல் தீர்ந்ததில், அருங்காட்சியகங்களில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மீன்களின் டிஎன்ஏவுக்குப் பெரும் பங்குண்டு. பல ஓடைகளில் அந்தப் பெயரில் பாதுகாக்கப்பட்டவை வேறு வம்சத்தவை என்றும், உண்மையான வம்சம் பெயார் கிறீக் என்ற ஒரே ஓடையில்தான் எஞ்சியிருக்கிறது என்றும் தெரியவந்தது. நம் மலையகத்திலும், 1880களில் பிரித்தானியர் கொண்டுவந்த பழுப்பு டிரவுட்டா, பின்னர் வந்த வானவில் டிரவுட்டா என்பது மட்டுமே கேள்வியானால் இழைமணி டிஎன்ஏ தாராளமாகப் போதும். 1989 முதல் அவ்விரண்டும் வெவ்வேறு பேரினங்களிலேயே வைக்கப்படுகின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது கலப்பு என்ற ஒரே விடயம். மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக இறங்குவதைப் போல, இழைமணி டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே குஞ்சுக்குப் போகிறது. தந்தை யார் என்பதை அது சொல்லாது. சுலோவேனியாவின் சோச்சா ஆற்றைப் பாருங்கள். அங்கே உள்ளூர் மார்பிள் டிரவுட்டுடன், வெளியிலிருந்து விடப்பட்ட பழுப்பு டிரவுட் கலந்துவிட்டது. மார்பிள் தாய்க்கும் பழுப்புத் தந்தைக்கும் பிறந்த பெண் மீன் பழுப்பு ஆணுடன் சேர, அதன் மகளும் பேத்தியும் அவ்வாறே பழுப்பு ஆண்களுடன் சேர்ந்தால், கடைசிக் குஞ்சின் கரு டிஎன்ஏவில் மார்பிள் பங்கு சராசரியாக பதினாறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆனால் இழைமணி டிஎன்ஏவை மட்டும் படிப்பவருக்கு அந்தக் குஞ்சு முழு மார்பிளாகவே தெரியும். அதைத் தூய இனம் என்று நம்பிக் குஞ்சு பொரிப்பகத்தில் தாய்மீனாக வைத்தால், எதைக் காக்கப் புறப்பட்டோமோ அதையே நம் கையால் கலைத்தவர்களாவோம். அருவிகள் பிரித்த தலைநீர் ஓடைகளில் எஞ்சிய தூய மீன்களைத் தேடுவோருக்கு இந்தத் தவறு மிகப் பெரிய இழப்பு.

கரு டிஎன்ஏ இரு பெற்றோரையும் காட்டுகிறது. அயர்லாந்தின் மெல்வின் ஏரியில் கிலரூ, சொனகன், ஃபெரொக்ஸ் என்ற மூன்று வகை டிரவுட்டுகள் ஒரே ஏரியில் வாழ்ந்தும் தனித்தனியாக இனம் பெருக்குகின்றன என்பதற்கு உறுதியான சான்று தந்தவை கருவின் பரம்பரையலகுகளே. வானவில் டிரவுட்டும் கட்த்ரோட்டும் கலந்து வளமான குஞ்சுகளை ஈனுவதால், ஹோட்டன் சமவெளியில் பிறக்கும் பெலிஹுல் ஓயா ஆற்றில் பிடிபடும் மீன் எந்தெந்த வம்சங்களின் கலவை என்று கேட்ட எனக்கும் வேறு வழியில்லை.

தொல்லைகளும் உண்டு. டிரவுட் அடங்கும் சல்மன் குடும்பத்தின் முன்னோரில் முழு மரபுத்தொகுதியும் (ஜீனோம்) ஒருமுறை இரட்டித்திருப்பதால், சில இடங்களில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பிரதிகள் தோன்றி வாசிப்பைக் குழப்பும். தலைமுறைகள் கடந்த கலப்பைப் பிடிக்க, இனங்களை வேறுபடுத்திக் காட்டும் டிஎன்ஏ இடங்களான குறிகள் ஒருசில போதாது. பல நூறு வேண்டும். முழு மரபுத்தொகுதியையும் வாசிக்கும் முறையில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அதன் பகுப்பாய்வைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன்.

பணம் இரண்டுக்கும் இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். கருவும் இழைமணியும் வேறு வேறு கதை சொல்லும் மீனே பெரும்பாலும் கலப்பு மீன். ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது கரு டிஎன்ஏவைப் படியுங்கள். மிஞ்சிய செட்டைத் துண்டுகளை அற்ககோலில் பத்திரமாக வைத்திருந்தால் இழைமணியைப் பிறகும் பார்த்துக்கொள்ளலாம்.